பலகையில் பெயர், பரணில் ஏடு!



1910-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரிலே ஒரு திங்களிதழ் பிறந்தது. அச்சிட்டது ஆயிரம் படிகள். "தி கிரைசிஸ்" என்பது பெயர். நெருக்கடி என்று பொருள். நிறத்தாலே கறுத்தவர், எனவே நிலையாலே தாழ்ந்தவர் என்று சட்டமும் வழக்கமும் கூடி முத்திரை குத்தி ஒதுக்கிவைத்த மக்களின் குமுறலை ஏந்தி வந்தது அந்த ஏடு. பத்தாண்டு முடிவதற்குள் ஓரிலட்சம் படிகள் விற்கும் ஏடாக அது வளர்ந்தது. ஆயிரம் எங்கே, ஓரிலட்சம் எங்கே! அந்த வளர்ச்சிக்கு உரமிட்ட ஆசிரியர், டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ்.

கட்டுரையாளர் அவர், வரலாற்றாசிரியர், கிளர்ச்சிக்காரர். 1868-இல் பிறந்தவர். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1903-இல், கறுப்பு மக்களின் ஆன்மாக்கள் எனப் பொருள்படும் கட்டுரைத் தொகுதியைத் தந்தார். 1935-இல், உள்நாட்டுப் போருக்குப் பிந்திய அமெரிக்கப் புனரமைப்புக் காலத்தைப் பற்றிய பெருநூலைத் தந்தார்.

என்ன இருந்தது அந்தப் பெருநூலிலே? 1861 முதல் 1865 வரை நடந்த போரிலே அடிமைத் தளை அறுந்தது. தளை அறுந்த மக்கள் சில ஆண்டுக் காலம் வாக்களித்தனர், சட்டமன்றங்களிலே அமர்ந்தனர். அந்தக் காலத்தைப் பற்றிப் பின்னாளில் எழுத வந்த பேராசிரியப் பெருமக்கள் சிலர், ஆளத் தெரியாதார் கையில் ஆட்சி சிக்கிச் சீரழிந்தது என்று எழுதி வைத்தனர். பல்கலைக் கழகங்களிலே அதுவே பாடமாயிற்று, பாடம் உண்மையாயிற்று, அந்த உண்மையைக் காட்டியே உரிமை மறுக்கப்பட்டது. டூ பாய்ஸ் ஆவணங்களை அடுக்கினார். தென் மாநிலங்களிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பொதுப் பள்ளிக்கூடம் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான் என்று காட்டினார். கடைசி இயலிலே, வரலாறு எழுதியவர்களையே குற்றவாளிக் கூண்டிலே ஏற்றினார். பிரச்சாரத்திற்கு வரலாறு என்று பெயர் சூட்டியவர்களே என்று அவர்களைச் சாடினார்.

நிலத்தைப் பறித்தவனிடமிருந்து நிலத்தை மீட்கலாம். வரலாற்றைப் பறித்தவனிடமிருந்து? வரலாற்றை எழுதித்தான் மீட்க வேண்டும்! இதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட டூ பாய்சுக்கு, 1946-இல் நம் நாட்டிலிருந்து ஒரு மடல் சென்றது. எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். ஐக்கிய நாடுகள் மன்றத்திடம் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படி வேண்டுமெனக் கேட்டார். அம்மக்கள் நிலையும் இங்கே தீண்டப்படாதார் எனப்பட்ட மக்கள் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். டூ பாய்சும் மறுமொழி விடுத்தார். கடல் இரண்டைக் கடந்து, காயம் காயத்தை அடையாளம் கண்டு கொண்டது!

அமெரிக்கத் திண்ணையிலே எதற்காக இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அந்த நியூயார்க் ஏடு பிறப்பதற்கு மூன்றாண்டு முன்பே, 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், சென்னை இராயப்பேட்டையிலே ஓர் ஏடு பிறந்தது. கிழமை இதழ். நான்கே பக்கம். விலை ஒரு பைசா. விலையையே பெயராகச் சூடி, "ஒரு பைசாத் தமிழன்" என்று வந்தது. ஓராண்டு கழித்து, படிப்போர் விருப்பத்திற்கிணங்க, "தமிழன்" ஆயிற்று. அதன் ஆசிரியரும் கட்டுரையாளர், அவரும் வரலாற்றாசிரியர், அவரும் கிளர்ச்சிக்காரர். டூ பாய்ஸ் பிறந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அவர் பெயரை நீங்கள் அறிவீர்கள். தென்சென்னைப் புறநகர்க்காரர் எவரும் அறிவர். தாம்பரம் சானடோரியம் நிலையத்தருகே, தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. காசநோயாளருக்காக 1928-இல் டாக்டர் சௌரிமுத்து நிறுவிய நலவிடுதியால் சானடோரியம் எனப் பெயர் பெற்ற இடம் அது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அன்றைய தலைமை அமைச்சர் மன்மோகன் சிங் நாட்டுக்கு உரிமையாக்கிய அந்த நிறுவனத்தின் மருத்துவமனைக்கு, அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை என்று பெயர். பெருங்களத்தூரிலிருந்தும் பம்மலிலிருந்தும், சேலையூரிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும், மூட்டு வலிக்கும் தோல் நோய்க்கும் மருந்து நாடி வருவோர் நாள்தோறும் அந்தப் பெயர்ப் பலகையின் கீழேதான் செல்கின்றனர். குடிநீர்ப் பொடியும் தைலமும் பெற்றுத் திரும்புகின்றனர்.

அவர்களிலே ஒருவரை நிறுத்தி, பண்டிதர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரிய சித்த வைத்தியர் என்பார். பொய்யன்று, அவர் வைத்தியர்தாம். ஆனால், உடலின் நாடி பார்த்தது அவர் பிழைப்பு. சமுதாயத்தின் நாடி பார்த்தது அவர் வாழ்வு. பிழைப்புக்குப் பலகை வைத்தோம். வாழ்வை எங்கே வைத்தோம்? பரணிலே!

1845-ஆம் ஆண்டு மே 20-இல் பிறந்த காத்தவராயன், தமக்குக் கல்வி தந்த ஆசானின் பெயரையே தம் பெயராக ஏற்று அயோத்திதாசர் ஆனார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் எனும் ஆங்கில அதிகாரியின் இல்லத்திலே பட்லர் வேலை பார்த்தவர். அந்தக் கந்தப்பன்தான், தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச் சுவடியை ஹாரிங்டனிடம் தர, அஃது எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது எனப் பண்டிதர் தம் ஏட்டிலே பதிந்துள்ளார். எண்ணிப் பாருங்கள்! சேரியிலே அறிவு இல்லை, சுவடி இல்லை, சுடர் இல்லை என்று சொல்லப்பட்ட நாளில், சமையற்கட்டிலே பணி செய்தவர் வீட்டுப் பெட்டியிலே வள்ளுவர் இருந்திருக்கிறார்! தென்னாட்டு மொழிகள் வடமொழியின் வழி வந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று கால்டுவெலுக்கு நாற்பதாண்டு முன்னே 1816-இல் எடுத்துரைத்த அந்த எல்லிசின் கையிலே, அந்த வீட்டு ஓலை!

1891-ஆம் ஆண்டு டிசம்பர் 1-இல், நீலகிரியிலே பண்டிதர் ஒரு மாநாடு கூட்டினார். அமைப்பின் பெயர் திராவிட மகாஜன சபை. பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. இழிபெயரிட்டு அழைத்தல் குற்றமாக வேண்டும். எம் பிள்ளைகட்குப் பள்ளிக்கூடம் வேண்டும். படித்தவர்க்கு அரசுப் பணி வேண்டும். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் மொள்ளும் உரிமை வேண்டும். சிறையிலே கூடச் சாதி பார்த்து வேலை தரும் விதி ஒழிய வேண்டும். இவ்வாறு சென்றன அந்தக் கோரிக்கைகள். ஆண்டை நினைவில் வையுங்கள், தோழர்களே: 1891!

அடுத்த ஆண்டு, 1892. சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம். பெரிய மனிதர்கள் நிறைந்த அவை. பண்டிதர் எழுந்தார். சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எம் மக்களுக்கு ஏன் அடைக்கப்பட்டுள்ளன எனக் கேட்டார். உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கறுப்பண்ணனும் இருக்கிறார்களே, இந்தத் தெய்வங்கள் உங்களுக்கு எதற்கு என்று விடை வந்தது. அவர் கெஞ்சவில்லை, கண்ணீர் விடவில்லை. அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எமக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி கொடுங்கள், எம்மவர்க்குத் தரிசு நிலம் கொடுங்கள் என்று கேட்டார்! கோயிற் கதவுக்கு முன்னே நின்று கொண்டிருந்த கோரிக்கையை, பள்ளிக்கூட வாசலுக்கும் வயல் வரப்புக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ஒரு நொடியிலே, தென்னாட்டு அரசியலின் திசை திரும்பிற்று என்பேன்.

கோயில் அடைத்த கதவை, அவர் வேறோர் இடத்திலே திறந்தார். நம் தென்சென்னையின் அடையாற்றிலே 1882 முதல் தலைமையகம் கொண்டிருந்தது பிரம்மஞான சங்கம். அதன் தலைவர் கர்னல் ஆல்காட், அமெரிக்க உள்நாட்டுப் போரிலே பணியாற்றியவர். லிங்கன் கொலை பற்றிய விசாரணையிலும் பங்கு கொண்டவர். சென்னையிலே பஞ்சமப் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி கண்டவர். அவர் துணையோடு 1898-இல் இலங்கை சென்று, பண்டிதர் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையிலே சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். கோலார் தங்கவயலிலும், இரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவிலும் உழைக்கச் சென்ற தமிழர் நடுவே அதன் கிளைகள் தழைத்தன. சுரங்கத்தின் இருளிலே உழைத்தவன், மேலே வந்ததும் "தமிழன்" ஏட்டைப் பிரித்தான்.

பிரித்தவன் என்ன படித்தான்? தன் வரலாற்றைப் படித்தான். "இந்திரர் தேச சரித்திரம்" என்று பண்டிதர் எழுதிய தொடர், அவன் கேட்டறியாத கதையைச் சொல்லிற்று. ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர். அவர் பெயராலேயே இந்த நாடு இந்திய நாடாயிற்று. இம்மண்ணின் பழங்குடிகள் சாதியற்ற பௌத்தர்கள். அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர்க்கு அன்று வழங்கிய பிராமணர் எனும் பெயரை, பின் வந்தோர் வேடமிட்டுக் கவர்ந்தனர். அந்த வேடத்தை எதிர்த்து நின்றவர்களே தாழ்த்தப்பட்டனர். இதுதான் அவர் கண்ட வரலாற்றின் சாரம். நீ தாழ்ந்தவனாகப் பிறந்ததால் ஒதுக்கப்படவில்லை. நீ எதிர்த்ததால் ஒதுக்கப்பட்டாய் என்றார். குனிந்திருந்தவன் முதுகு நிமிர்ந்தது! தம் மக்களுக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள்: சாதிபேதமற்ற திராவிடர். சாதி இல்லாதவன் தாழ்ந்தவன் என்பது ஊர் வழக்கு. சாதி இல்லாதவனே உயர்ந்தவன் என்பது பண்டிதர் வழக்கு.

பண்டிகைகளை அவர் விட்டாரா? தீபாவளி, அசுரனைக் கொன்ற நாளன்று. எள்ளிலிருந்து நெய் எடுக்கும் வித்தையைப் பௌத்தர் கண்டு மகிழ்ந்த நாள் என்றார். போகி, போதி என்பதன் திரிபு என்றார். புராணிகர்கள் வாளைத் தொங்கவிட்ட இடத்திலே, அவர் உழைப்பவனின் கண்டுபிடிப்பைத் தொங்கவிட்டார்.

நாடகத்தை விட்டாரா? மேடைக்கு எழுதுகிறவன் என்ற முறையிலே, இங்கே சற்று நின்று பேச வேண்டும். நந்தன் கதையை நாடு நெடுங்காலமாகப் பாடி வருகிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாக்கினார். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையிலே நந்தனாராக நடித்தனர். பார்த்தோர் கண் கலங்கினர். ஆண்டையிடம் கெஞ்சி, தில்லைக்குப் போக ஏங்கி, தீயிலே மூழ்கி, பிறவி இழிவு நீங்கிக் கோயிலுக்குள் போகும் அடியார்! கண்ணீர் சிந்துவதற்கு ஏற்ற கதைதான். ஆனால் அந்தக் கண்ணீரின் அடியிலே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. எரிந்தாலன்றி நீ உள்ளே வர முடியாது என்னும் பாடம்! பண்டிதர் "நந்தன் சரித்திரத் தந்திரம்" என்று தலைப்பிட்டே எழுதினார். நந்தன் அடிமையல்லன், அரசன். பக்தியால் உருகியவன் அல்லன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன் என்றார். அடியார் வேடத்தைக் கழற்றினால் உள்ளே மணிமுடி! எத்தகைய நாடகம் அது! நூறாண்டுக்கு மேலாக இந்தக் கரு, எடுப்பாரின்றிக் கிடக்கிறதே!

அரசியலுக்கு வருவோம். 1905-க்குப் பின்னே நாடெங்கும் சுதேசிக் கூச்சல். அந்நியத் துணியை எரி, அந்நியனை விரட்டு என்று மேடைதோறும் முழக்கம். பண்டிதர் ஓரமாக நின்று ஒரு வினா எழுப்பினார். உன் நாட்டான் ஒருவன் உன் கிணற்றிலே நீர் மொள்ள விடாமல் தடுக்கிற நீ, எந்த நாட்டுக்குச் சுதேசி? எவனுடைய விடுதலைக்கு உன் சுயராச்சியம்? இந்தக் கருத்தைக் கிழமைதோறும் எழுதினார். சுதேசியம் எரித்த துணியின் சாம்பல் பறந்து போயிற்று. அந்த வினா பறந்து போகவில்லை.

அவர் மீது மூன்று வழக்குகள் தொடுப்பார்கள். ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

வழக்கு ஒன்று: வெள்ளையராட்சியை அவர் புகழ்ந்தார். ஆம், புகழ்ந்தார். ஊர்ப் பள்ளிக்கூடம் கதவடைத்த நாளிலே, பாதிரியார் பள்ளியும் துரைத்தனப் பட்டாளமுமே சிலருக்கு எழுத்தும் சோறும் தந்தன. ஒருவனை வீட்டுக்குள் விடாமல் மழையிலே நிறுத்திவிட்டு, அவன் அயலான் குடையிலே ஒதுங்கினான் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நீதி?

வழக்கு இரண்டு: அவருடைய சொல்லாராய்ச்சி நில்லாது. இந்திரர் என்பதிலிருந்து இந்தியா பிறந்தது என்பதை இன்றைய மொழியியல் ஏற்காது. சிந்து ஆற்றின் பெயரே அதன் வேர் என்று அது சொல்லும். ஒப்புக்கொள்வோம். அறிவியக்கத்தார் நாம், ஆசான் சொன்னார் என்பதற்காக ஆராயாமல் ஏற்பது நம் மரபன்று. ஆனால் அவர் எழுதிய காலத்திலே, மறுபக்கத்தார் ஏந்தி வந்தது என்ன? முகத்திலே பிறந்தவன், காலிலே பிறந்தவன் என்னும் கதை! அந்தக் கதைக்குச் சாத்திரம் என்று பெயரிட்டு வணங்கிவிட்டு, இவர் எழுத்துக்கு மட்டும் சான்று கேட்பது நேர்மையாகுமா? அவர் தந்த விடைகளிலே சில உதிரலாம். இந்த இழிவை எழுதியவன் எவன், எழுதியதால் பயன் பெற்றவன் எவன் என்று அவர் தொடுத்த வினா உதிரவில்லை.

வழக்கு மூன்று, மூன்றிலும் கனமானது: தம் மக்களை உயர்த்திய அவர், அருந்ததியர், குறவர் போன்ற சில உழைக்கும் மக்களைத் தம்மவரோடு ஒரே பட்டியலிலே சேர்க்கலாகாது என்று எழுதினார். இதற்கு நான் வாதாட மாட்டேன். சாதிபேதமற்றவர் என்று பெயர் சூட்டிய கையே வேறொரு கோடு கிழித்தது குறைதான். அந்தக் குறையைப் பூசி மெழுகுவது அவருக்குச் செய்யும் மரியாதையும் அன்று. அவர் சூட்டிய பெயரை அவருடைய கோட்டுக்கும் அப்பால், எல்லார்க்கும் உரியதாக்குவதே அவருடைய எழுத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

இத்தனையும் எழுதிய கை, 1914-ஆம் ஆண்டு மே 5-இல் ஓய்ந்தது. அதன் பின் நடந்ததைக் கேளுங்கள். ஏடு தள்ளாடிற்று. பின்னாளில் கோலார் தங்கவயல் தோழர்கள் சில ஆண்டுகள் தூக்கி நிறுத்தினர். தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய சிறு நூல்கள் பலவற்றை அச்சிட்டது. பிறகு பேரமைதி. பல்கலைக் கழகங்கள் தேடவில்லை. பாட நூல்கள் பேசவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற தனி மனிதர்கள், பழுப்பேறிய தாள்களைப் பிள்ளையைக் காப்பது போலக் காத்து வைத்திருந்தனர். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்தார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் "அயோத்திதாசர் சிந்தனைகள்" என வெளியிட்டது. 1914-க்கும் 1999-க்கும் இடையே எத்தனை ஆண்டு? எண்பத்தைந்து! டூ பாய்ஸ் 1963-இல் கண் மூடியபோது அவருடைய நூல்கள் உலகெங்கும் படிக்கப்பட்டன. நம்மவருடைய எழுத்தோ, சொந்த நாட்டிலே, சொந்த மொழியிலே, எண்பத்தைந்தாண்டு இருட்டறையிலே இருந்தது!

மேடைகளிலே நம் இயக்க வரலாற்றைத் தொடங்குவோர், 1916-ஆம் ஆண்டு நவம்பர் 20-இல் பிறந்த தென்னிந்திய நல உரிமைச் சங்கத்திலிருந்து தொடங்குவது வழக்கம். தியாகராயரையும் நாயரையும் நடேசனாரையும் போற்றுவது நம் கடமை. அதில் குறைவு வேண்டா. ஆனால் 1916-க்குக் கால் நூற்றாண்டு முன்னே, திராவிடர் என்னும் சொல்லை அமைப்பின் பெயராக்கி, நீலகிரிக் குளிரிலே மாநாடு கூட்டியவரை எந்த வரிசையிலே நிறுத்துவது? ஆற்றின் நீளம் சொல்ல வந்தவன், அணைக்கட்டிலிருந்து அளக்கலாமா? ஊற்றிலிருந்தல்லவா அளக்க வேண்டும்! அந்த ஊற்று சேரியிலே பிறந்தது என்பது ஆற்றுக்கு இழுக்கா? பெருமையல்லவோ!

பண்டிதர் பெயருக்கு இன்று குறைவில்லை என்பீர்கள். உண்மை. 2005-இல் அஞ்சல் தலை வந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கிண்டி காந்தி மண்டப வளாகத்திலே சிலையோடு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு, ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்த ஆயிரம் கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் அவர் பெயரால் அறிவிக்கப்பட்டது. நல்லவை, வரவேற்கத் தக்கவை. கிண்டியிலே ஒரு பலகை, சானடோரியத்திலே ஒரு பலகை. நடுவே பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை. இந்த வழியிலே நாள்தோறும் மின்தொடர் வண்டியிலே இலட்சோப லட்சம் பேர் போய் வருகிறோம். ஒரு முனையிலே அவர் சிலை, மறு முனையிலே அவர் பெயர். நடுவே எத்தனை பேர் கையிலே அவர் எழுத்து?

அதே வழியிலுள்ள பல்லாவரத்திலே, 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்நாட்டிலே வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த சான்று அது. கல் ஒன்றுதான், அதைப் பார்த்தவரும் மிதித்தவரும் பலர் இருந்திருப்பர். குனிந்து எடுத்து, இது கோடரி என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. பண்டிதர் எழுத்தும் அப்படித்தான். எடுத்தால் கோடரி, விட்டால் கல்!

அந்தக் கோடரியைக் கையிலெடுத்து இன்றைய நாட்டைப் பாருங்கள். பொதுக் கிணற்றில் நீர் என்றது 1891-இன் தீர்மானம். 2022-ஆம் ஆண்டு டிசம்பரிலே, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியிலே மலம் கலக்கப்பட்டது கண்டறியப்பட்டது. நாடு நாணித் தலை குனிந்த செய்தி அது. நூற்று முப்பத்தொரு ஆண்டுகள்! கிணறு தொட்டியாயிற்று; கயிறு குழாயாயிற்று; நஞ்சு மட்டும் மாறவில்லை.

தரிசு நிலம் என்றது 1892-இன் கோரிக்கை. அந்நாளிலே நம் தாம்பரம் வட்டாரத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சித் தலைவர் டிரமன்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1892-இல் அரசாணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பத்தாண்டு வரை எவர்க்கும் விற்கலாகாது. அதன் பிறகும் அம்மக்களுக்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. இன்று நம் புறநகரிலே எங்கு நோக்கினும் மனைப் பிரிவு. எங்கு நோக்கினும் வேலி. எங்கு நோக்கினும் விற்பனை விளம்பரம். பஞ்சமி என்று பதிவேட்டிலே எழுதப்பட்ட நிலம் எங்கே, யார் வேலிக்குள்ளே? 1994-இல் செங்கற்பட்டு மாவட்டக் காரணையிலே இந்தக் கேள்வியைக் கேட்ட மக்கள் மீது துப்பாக்கி வெடித்தது. இருவர் உயிர் பறிபோயிற்று. கேள்வி சாகவில்லை.

பண்டிதரைப் படித்தவன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. பலகையிலே ஏறிய பெயர் கேள்வி கேட்காது. மாலை போட்டால் வாங்கிக் கொள்ளும், மௌனமாக இருக்கும். ஏட்டிலே உள்ள எழுத்து அப்படியன்று. பிரித்தவனைப் பிடித்து உலுக்கும். அதனால்தான் பலருக்குப் பலகை பிடிக்கிறது, ஏடு பிடிக்கவில்லை.

எனவே, தோழர்களே, நான் கேட்பது பெரிதன்று. ஊர்ப்புற நூலகம் ஒவ்வொன்றிலும் பண்டிதர் எழுத்துகள், எளிய விலைப் பதிப்பாக, அடைத்த அலமாரியில் அல்லாது கை எட்டும் தட்டிலே இருக்க வேண்டும். ஒரு பைசாவுக்கு எழுதியவரின் எழுத்து ஏழைக்கு எட்டாத விலையிலே இருக்கலாகாது. பள்ளிப் பாட நூலிலே அவருடைய பிறந்த நாளும் இறந்த நாளும் போதா. அவருடைய ஒரு கட்டுரையாவது முழுமையாக இடம்பெற வேண்டும். பஞ்சமி நிலப் பதிவேடு ஊர்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எந்தக் கட்சியின் ஆட்சியானாலும் இதைக் கேட்போம். நம்மவர் ஆட்சியானால் இன்னும் உரத்துக் கேட்போம்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டா. தேநீர்க் கடையிலும் முடி திருத்தகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு வளர்ந்த இயக்கம் இது. தாம்பரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் நமக்குப் படிப்பகங்கள் உண்டு. ஞாயிறுதோறும் பண்டிதரின் ஒரு கட்டுரை. ஒருவர் படிக்க, மற்றவர் கேட்க, பிறகு எல்லாரும் வாதிட! ஏற்பதை ஏற்போம், மறுப்பதை மறுப்போம். எழுத்தாளனுக்கு அதைவிட உயர்ந்த மாலை எவரும் கட்டியதில்லை. கலைத்துறைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: நந்தனை அரசனாகக் காட்டும் நாடகம் மேடை கேட்டு நிற்கிறது, எழுதுங்கள், ஏற்றுங்கள்.

வரலாற்றை இழந்த இனம், வாடகை வீட்டிலே வாழும் குடும்பம் போன்றது. எவனும் எப்போதும் வெளியேறச் சொல்லலாம். பண்டிதர் நமக்குப் பட்டாவை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பரணில் ஏறுங்கள், தூசு தட்டுங்கள், படியுங்கள்!